வாட்சுக்கும் வார்னிங்குக்கும் நடுவே

அத்தியாயம் 11

எழுந்தேன். நாயை வெளியே விட்டேன். கொல்லையில் மழைமானியைப் பார்த்தேன். காலி. கெட்டிலைப் போட்டேன். ரொட்டி வாட்டி வெஜிமைட் தடவி, நின்றபடியே சாப்பிட்டேன். தட்டைக் கழுவினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். பள்ளிக்கூடம் இன்று கிடையாது என்பது பாதிச் சட்டையில் நினைவுக்கு வந்தது. மீதியையும் போட்டு முடித்து, அதையே மாட்டிக்கொண்டேன்.

ரேடியோவைத் திருகினேன். ஹெஸ்டர் புயல் இன்னும் கடலில்தான் இருந்தது. எங்கள் ஊர் டல்கரா உட்பட வடக்குக் கடற்கரைக்கு வாட்ச் தொடர்கிறது. அடுத்த அறிக்கை பதினொரு மணிக்கு.

போன வாரம் விட்ட இடத்தில், என் மைத்துனி ப்ரைடி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்த வீட்டுப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தாள். "அப்பா படகுல வேலைக்குச் சேர்ந்துட்டேன்" என்றாள். அக்கா செய்த வேலை. அக்கா தூங்கிய அதே பலகை. அது நேற்று. வாட்ச் வந்ததும் நேற்று மாலைதான்.

அந்த அக்கா என் மனைவி டீகன். போன மழைக்காலத்துப் புயலில் அலையாத்திக் கழியில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு நான் அவள் பெற்றோர் வீட்டின் கீழறையில் இருக்கிறேன். தூண்களின் மேல் நிற்கும் வீடு. மேலே மாமனார் ரஸ்ஸும் மாமியார் க்ளெனிஸும் நடப்பது கேட்கும். நான் நடப்பது அவர்களுக்குக் கேட்காது.

வாட்ச், வார்னிங். இந்த இரண்டு சொற்களை நான் எட்டாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் நடத்துகிறேன். வாட்ச் என்றால், சூறைக்காற்று இரண்டு நாளுக்குள் வரலாம், ஆனால் ஒரு நாளுக்குள் வராது. வார்னிங் என்றால், ஒரு நாளுக்குள் வரும், அல்லது வந்தேவிட்டது. வாட்ச் என்பது சின்னப் புயல் அல்ல. அதே புயல், கொஞ்சம் தள்ளி நிற்கிறது. கட்ட வேண்டியதைக் கட்டிக்கொள்ளக் கிடைக்கும் நேரத்துக்குத்தான் அந்தப் பெயர்.

இந்த ஆண்டு பாடத்தில் ஒரு படம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அதில் எழுதியிருப்பது: 'போன ஆண்டு நம் ஊர்ப் படகோட்டி ஒருவர் இரண்டு சொற்களையும் குழப்பிக்கொண்டார். ஓர் உயிர் போனது.' பெயர் போடவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் பெயர் தெரியும். படத்தைக் காட்டினேன். அடுத்த படத்துக்குப் போனேன்.

ரஸ் போலீஸிடம் சொன்னதுதான் அந்தப் படத்தின் மூலம். வாட்ச் வந்ததும், 'வெறும் வாட்ச்தானேப்பா, காத்திருக்கலாம்' என்று டீகன் சொன்னாளாம். இவரும் சரி என்றாராம். இரண்டு பேருக்கும் குழம்பிவிட்டதாம்.

டீகன் வாரத்தில் இரண்டு மாலை கடலோர மீட்பு ரேடியோ அறையில் உட்கார்ந்து, அந்த அறிக்கைகளைப் படகுகளுக்கு வாசித்தவள். அவளுக்கா குழம்பியது?

நான் ரஸ்ஸிடம் கேட்டதில்லை. கேட்டால் அவள் திரும்பி வரப்போவதில்லை.

ஆனால் இப்போது படகில் ப்ரைடி இருக்கிறாள்.

* * *

"ஹேமிஷ், மேல வா. இந்த முனையைப் பிடி."

க்ளெனிஸ் ஜன்னல் கண்ணாடிக்குக் குறுக்கே ஒட்டுநாடா இழுத்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் தொட்டி நிரம்பும் சத்தம். வராந்தாவின் தொட்டிச் செடிகள் எல்லாம் கூடத்துக்குள் வந்துவிட்டன. நடப்பதற்கு இடமில்லை.

"சட்டை என்ன, கல்யாணத்துக்கா?"

"மறந்துட்டேன்."

"அந்தப் பொண்ணும்தான் மறந்துட்டா. பிஸ்கட் எடுத்துட்டுப் போயிருக்கா, முகத்துக்குத் தடவற கிரீம் எடுத்துட்டுப் போயிருக்கா, ரெயின்கோட் இங்க தொங்குது. போய்க் குடுத்துட்டு வா."

"குடுத்துட்டு வரவா, கூட்டிட்டு வரவா?"

அவள் நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கூட்டிட்டு வா."

"வரமாட்டா."

"முப்பது பசங்களை வெயில்ல வரிசையா நிக்க வைக்கறே. ஒருத்தியைப் படகுலேர்ந்து இறக்க முடியாதா?"

"பசங்களுக்கு என்னைப் பார்த்தா பயம். அவளுக்குச் சிரிப்பு."

க்ளெனிஸ் சிரிக்கவில்லை. நான் நாடாவைக் கண்ணாடியில் அழுத்தித் தேய்த்தேன். வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. எதிர் வீட்டுக்காரர் குழந்தைகளின் குதிமெத்தையைத் தலைகீழாகப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ரஸ்கிட்ட கேக்கப் போறேன்" என்றேன்.

"எதை?"

"அன்னிக்கு டீகன் என்ன சொன்னான்னு."

"கேக்காதே."

"அவ வெறும் வாட்ச்தானேன்னு சொல்லியிருக்க மாட்டா. உங்களுக்கும் தெரியும்."

"எனக்கு என் பொண்ணைத் தெரியும். அந்த ஆளையும் தெரியும். அந்த ஆள் பக்கத்துல படுக்கறேன். அந்த ஆளுக்கு டீ போடறேன். கேட்டுட்டா அந்த ரெண்டும் என்னால முடியாது. அதனாலதான் நான் கேக்கல. நீயும் கேக்காதே."

தொட்டி வழிந்து குளியலறைத் தரையில் தண்ணீர் விழுந்தது. ஓடிப்போய்க் குழாயை மூடினாள். அங்கிருந்தே கத்தினாள்.

"செத்தவளை விடு. இருக்கறவளைக் கூட்டிட்டு வா. மத்ததெல்லாம் புயல் போனப்புறம் பேசிக்கலாம்."

ரெயின்கோட்டை எடுத்துக்கொண்டேன்.

* * *

துறையில் இறால் படகுகள் எல்லாம் இன்னும் நின்றிருந்தன. வலைகளை அவிழ்த்துக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. வழக்கமாகக் கடலை விட்டு வராத பெரிய கறுப்புப் பறவைகள் மீன் கொட்டகையின் மேல் சுற்றின.

புயல் வந்தால் படகுகள் அலையாத்திக் கழிக்குள் போய்விடும். இரண்டு கரையின் மரங்களிலும் வடம் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முதலில் போகிறவனுக்குக் கழியின் அடிமூலை; அங்கே காற்றே தெரியாது. கடைசியாகப் போகிறவனுக்குக் கழியின் வாய். அலையும் காற்றும் அவனுக்குத்தான். ஆனால் புயல் போனதும் முதலில் வெளியே வருவதும் அவன்தான். ஆற்று வெள்ளம் இறாலையெல்லாம் கடலுக்குத் தள்ளிவிடும். முதல் படகுக்குக் கிடைப்பது மற்றவர்களுக்குக் கிடைக்காது.

அதனால் எல்லோரும் கொஞ்சம் காத்திருப்பார்கள். போதாததற்கு ஒரு வழக்கம் வேறு. வாட்சுக்கே கழிக்குள் ஓடிப்போனவன், புயல் திசை மாறிவிட்டால், எல்லாப் படகுக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். ரஸ் வாங்கித் தந்ததே இல்லை. அதில் அவருக்குப் பெருமை.

"ரஸ், உன் மருமகன் வர்றாரு பாரு. சட்டையில மடிப்பு கலையாம" என்று பக்கத்துப் படகிலிருந்து கத்தினார் நெவ் பாஸ்கோ.

"புயலுக்கு மரியாதை குடுக்கறாரு மேட். படிச்சவங்க அப்படித்தான்" என்றார் ரஸ்.

வடத்தைச் சுற்றும் விஞ்சுக்கு மசகு தடவிக்கொண்டிருந்தார். படகின் பெயர் 'க்ளெனிஸ் மே'. தலை தூக்கவில்லை.

"சொல்லு வாத்தியாரே."

"ப்ரைடிக்கு ரெயின்கோட்."

ப்ரைடி பின்பக்கத்திலிருந்து வந்தாள். முகமெல்லாம் வெள்ளைக் கிரீம். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தாள். நேற்று அந்த முடி இருந்தது.

"அம்மா அனுப்பினாங்களா?"

"ஆமா."

"ரெயின்கோட் மட்டுந்தானா?"

"உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"கோட்டைக் குடு. மீதியை நீயே எடுத்துட்டுப் போ."

கொடுத்தேன். நான் துறையில், அவள் படகில். நடுவில் கொஞ்சம் தண்ணீர்.

"ரஸ், இப்பவே உள்ள போயிடுங்க" என்றேன்.

"இப்ப போனா அடிமூலை. இந்தப் பயலுங்க எல்லாம் வெளிய வந்து இறாலை வாரி முடிச்சப்புறம், நான் வாலை ஆட்டிட்டு வரணும்."

"வாட்ச் வந்து ஒரு ராத்திரி ஆச்சு."

"வாட்ச்னா என்னன்னு எனக்குப் பாடம் எடுக்கப் போறியா?"

"உங்களுக்குத்தானே குழம்பிடுச்சுன்னு சொன்னீங்க. போலீஸ்ல."

நெவ் தன் வேலையை நிறுத்தினார். அவருக்கு அந்தப் பக்கத்துப் படகிலும் யாரோ நிறுத்தினார்கள். ரஸ் கந்தலில் கை துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

ப்ரைடிதான் பேசினாள்.

"போதும் ஹேமிஷ். டீகனே காத்திருக்கலாம்னுதானே சொன்னா? அப்பாவோட எத்தனை புயல் பார்த்தவ அவ. அவளுக்கு இல்லாத பயம் எனக்கு எதுக்கு? கடைசியாப் போயி வாயில கட்டறது சாதாரண ஆளுங்களால முடியாது. அவ செஞ்சா. நானும் செய்வேன்."

நான் ரஸ்ஸைப் பார்த்தேன். மறுக்க வேண்டிய இடம் அது. அவர் விஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு மணி அறிக்கை வரட்டும்" என்றார்.

"நான் போறேம்பா" என்றார் நெவ். "திசை மாறிடுச்சுன்னா பீர் என் செலவு. வாட்ச்னாலே உள்ள போயிடணும்னு எம்பொண்டாட்டி சொல்லிட்டா. போன வருஷத்துக்கப்புறம் அவ பேச்சை மீற முடியல."

போன வருஷம் என்று சொல்லிவிட்டதை உணர்ந்து, தொப்பியைத் தொட்டார். எனக்கா, ரஸ்ஸுக்கா, தெரியவில்லை. அவருடைய படகு கிளம்பியது. யாரும் கேலி செய்யவில்லை.

* * *

பதினொரு மணிக்குத் துறை முழுவதும் ஒரே குரல் கேட்டது. எல்லாப் படகு ரேடியோவிலும் ஒரே பெண். நிதானமாக வாசித்தாள். டீகனின் அந்த நாற்காலியில் இப்போது யார் உட்காருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஹெஸ்டர் வேகம் பிடித்துவிட்டது. டல்கராவுக்கு வார்னிங். சூறைக்காற்று இன்று மாலைக்குள் தொடங்கலாம்.

இன்னொரு நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். என்ஜின்கள் இருமின. யாரோ கரையில் குவித்த வலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

ரஸ் என்ஜினைப் போட்டார். ஆனால் நகரவில்லை. கையை ஆட்டி ஒவ்வொருவரையும் முன்னால் அனுப்பினார். நீ போ. நீ போ. மரியாதை மாதிரி இருந்தது. மரியாதை இல்லை.

"கிளம்புங்க ரஸ்."

"அவன் போகட்டும்."

"அவன் போயாச்சு. எல்லாரும் போயாச்சு."

"அப்ப கிளம்பறேன். கட்டை அவிழ்த்துவிடு."

கட்டை அவிழ்த்தேன். அவிழ்த்த கயிற்றோடு படகில் குதித்தேன். இஸ்திரிச் சட்டை முழுக்க மசகு.

"ஏய், எங்க வர்ற?"

"ரெண்டு கை கூட இருக்கட்டும்."

"உனக்கு ஷூ லேஸே கட்டத் தெரியாது" என்றாள் ப்ரைடி. "டீகன் கட்டிவிடுவா. நான் பார்த்திருக்கேன்."

"ஒரு தடவை. கை உடைஞ்சிருந்தப்ப."

"சும்மா சொல்லாதே."

அவள் சிரித்தாள். ரஸ்ஸும் மூக்கால் சிரித்தார். படகு துறையைவிட்டு விலகிவிட்டது. இனி இறக்கிவிட முடியாது. கைப்பேசியை எடுத்து க்ளெனிஸுக்கு எழுதினேன்: 'மூணு பேரும் வந்துடுவோம்.' அனுப்பிய பிறகுதான் அது வாக்குறுதி என்று உறைத்தது. அதற்குள் சிக்னல் போய்விட்டது.

* * *

கழியின் வாய்க்கு வந்தபோது மழை பக்கவாட்டில் அடித்தது. ஒரு அலை மழை. பிறகு நின்றது. பிறகு இன்னொன்று, முன்னதைவிடப் பெரியது. உள்ளே மற்ற படகுகள் கட்டி முடித்து வரிசையாக நின்றன. மிகப் பக்கத்தில் நின்ற படகே வளைவுக்கு அப்பால்தான். அதன் கம்பம் மட்டும் தெரிந்தது. போன வருஷமும் இப்படித்தான் இருந்திருக்கும். அதனால்தான் யாரும் பார்க்கவில்லை.

ரஸ் படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, என்ஜின் பலத்தில் நிறுத்திவைத்தார். வேலை இதுதான்: ஒருவர் சிறுபடகில் இறங்கி, வடத்தின் முனையைக் கரைக்குக் கொண்டுபோய், மரத்தில் சுற்றிக் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

ப்ரைடி வடத்தின் முனையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நான் போறேன்" என்றேன்.

"நீ வடத்தை மெதுவா விட்டுக்கிட்டே இரு. சிக்கல் விழாம. அது போதும் உனக்கு."

"இரு" என்றார் ரஸ்.

"எதுக்கு?"

"படகு நேரா நிக்கட்டும்."

"நின்னுட்டுத்தான்ப்பா இருக்கு. இதுக்கு மேல நேரா நிக்காது. காத்து ஏறிட்டே போகுது."

அவள் ஒரு காலைக் கைப்பிடிக்கு வெளியே போட்டாள். கீழே சிறுபடகு தண்ணீரில் துள்ளியது. அலையாத்தி வேர்கள் ஏற்றநீரில் பாதி மூழ்கி, பாதி வெளியே. அடுத்த காற்றில் மரங்கள் மொத்தமாகச் சாய்ந்து நிமிர்ந்தன.

ரஸ் சுக்கானை விட்டுவிட்டு வெளியே வந்தார். நான் அப்படி ஒன்றை அவர் செய்து பார்த்ததில்லை. ப்ரைடியின் முழங்கையைப் பிடித்தார்.

"இறங்காதே."

"அப்பா, சுக்கான்!"

"இறங்காதேன்னா இறங்காதே."

"அப்ப யார் கட்டறது? இவனா? வாட்ச்ல காத்திருந்தாச்சு, வார்னிங்லயும் காத்திருக்கணுமா? டீகன் கட்டலியா? கைய விடுங்க. டீகனுக்குப் பயம் இருந்துச்சா? வெறும் வாட்ச்தானேன்னு சிரிச்சவ—"

"அவ சொல்லலை."

"என்ன?"

"அதைச் சொன்னது நான்."

படகு மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. நான் உள்ளே போய்ச் சுக்கானைப் பிடித்தேன். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல், அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. இரண்டு பேரும் எனக்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்கள்.

"வாட்ச் வந்த நிமிஷமே கிளம்பலாம்னு அவதான் சொன்னா. பீர் நான் வாங்கித் தர்றேன்னு சொன்னா" என்றார் ரஸ். கத்தித்தான் சொன்னார். காற்றில் கத்தாமல் எதுவும் கேட்காது. "வெறும் வாட்ச்தானேன்னு நான் சொன்னேன். எனக்கு ஒண்ணும் குழம்பலை. அந்த ரெண்டு வார்த்தைக்கும் அர்த்தம், நான் உன்னைவிடச் சின்னவனா இருந்தப்பவே தெரியும். எனக்குக் கழியோட வாய் வேணும். அவ்வளவுதான்."

ப்ரைடியின் கால் இன்னும் வெளியேதான் இருந்தது.

"போலீஸ்ல சொன்னது?"

"அந்தப் போலீஸ் பையன் கேட்டான். 'ரெண்டும் குழம்பிடுச்சா சார்?'னு. பாவமா கேட்டான். ஆமான்னேன். ஆமான்னு சொல்றது சுலபமா இருந்துது. அவளும் அப்படித்தான் சொன்னாளான்னான். அதுக்கும் ஆமான்னேன். அப்புறம் ஊரே அதைச் சொல்ல ஆரம்பிச்சுடுச்சு. இவன் பள்ளிக்கூடத்துல படமாவே போட்டுட்டாங்க. ஒவ்வொரு தடவையும் மாத்திச் சொல்லணும்னு வாயைத் திறப்பேன். உங்கம்மா டீயைக் கொண்டாந்து வெச்சுடுவா."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கையில் சுக்கான் இழுத்தது. அது மட்டும் தெரிந்தது.

ப்ரைடி முகத்தில் மழையும் கிரீமும் கலந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"சரி. நீங்க சொன்னீங்க. இப்ப என்ன செய்யணும்? கட்டலைன்னா படகு மரத்துல மோதி உடையும். எனக்கு நீச்சல் தெரியும். நான் இறங்கறேன்."

"அவளுக்கும் தெரியும் நீச்சல்."

"அப்பா, விடுங்க."

"அன்னிக்கு அவ பின்வடத்தைக் கட்டி முடிச்சுட்டா" என்றார் ரஸ். அவள் கையை விடவில்லை. "திரும்பி வந்துட்டிருந்தா. ஒரு காத்து. படகு ஒரு பக்கமா ஒதுங்கிடுச்சு. தண்ணிக்குள்ள தொங்கிட்டிருந்த வடம் விறைச்சுக்கிட்டு மேல வந்துது. அவளோட சிறுபடகை அப்படியே தூக்கி வேர்ல வெச்சு அழுத்திடுச்சு. அவளும் அதுக்குள்ள. இடுப்புக்கு மேல வடம். நான் இங்க நிக்கறேன். இங்கதான்."

காலால் தளத்தைத் தட்டிக் காட்டினார்.

"எங்கிட்ட கத்தி இருந்துது. இடுப்புலயே இருந்துது. ஒரு வெட்டு. வெட்டினா படகு போயிடும், கல்லுல ஏறிடும். நான் விஞ்சுக்கு ஓடினேன். வடத்தைத் தளர்த்திட்டாப் போதும்னு நினைச்சேன். ரெண்டும் மிஞ்சும்னு நினைச்சேன். விஞ்ச் சுத்துச்சு. நல்லாத்தான் சுத்துச்சு. ஆனா அதுக்குள்ள இன்னொரு காத்து."



ரேடியோவில் அதே பெண் மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தாள். டல்கராவுக்கு வார்னிங். படகில் இருப்பவர்கள் உடனடியாகப் பாதுகாப்பான இடத்துக்கு. ரஸ் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

எங்களுக்குப் பின்னால் கரையோரக் கல்வரிசையில் அலை உடையும் சத்தம் கேட்டது. முன்பைவிடப் பக்கத்தில். படகை இன்னும் எதிலும் கட்டவில்லை. இறங்கிக் கட்டினால் படகு பிழைக்கலாம். படகை விட்டுவிட்டால், மூன்று பேரும் சிறுபடகில் வளைவைத் தாண்டி அடுத்த படகுக்குப் போய்விடலாம். இன்னும் சில நிமிடங்களுக்கு அது முடியும். பிறகு முடியாது.

இது எனக்கே தெரிந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் இருக்குமா?

ஆனால் இந்தப் படகுதான் அவர்களுக்கு வீடு, சாப்பாடு, பெயர், எல்லாம். ப்ரைடி வடத்தைத் தோளிலிருந்து இறக்கவில்லை. கைப்பிடிக்கு வெளியே இருந்த காலை உள்ளே எடுக்கவில்லை.

"அவளுக்காகவாவது இதைக் காப்பாத்தணும்ப்பா. அவ உயிரைக் குடுத்துக் கட்டின படகு."

அதைக் கேட்டதும் ரஸ்ஸின் முகம் போன விதத்தை நான் எழுதப் போவதில்லை.

"ரஸ்" என்றேன். "விஞ்சுக்கு நீங்க ஓடறப்ப, அவ எதாவது சொன்னாளா?"

இத்தனை நாள் அவரிடம் கேட்காத கேள்வி. என் குரல் அறிக்கை வாசிப்பதுபோல இருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ப்ரைடியைப் பார்த்தார். உதடு அசைந்தது. காற்று அதை அடித்துக்கொண்டு போய்விட்டது.

"கேக்கலைப்பா" என்று ப்ரைடி கத்தினாள்.

அவர் அவள் காதருகே குனிந்தார். பிறகு, எனக்கும் கேட்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, நிமிர்ந்து சத்தமாகவே சொன்னார். டீகன் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"கயிறை அறுங்கப்பா. படகு போனாப் போகட்டும்."